பகல் தூக்கம்

அறுபது மீட்டர் உயரத்தில்
என் காதுக்கு ஒரே வேலை:
வாக்கிடாக்கியில் யாதகிரியின் குரல்.
மெல்ல, மெல்ல, இன்னும் கொஞ்சம், நிறுத்து.
கீழே கான்கிரீட் பம்ப் உறுமும்.
கம்பி கட்டுகிறவர்கள் நாலு மொழியில் கத்துவார்கள்.
அத்தனைக்கும் நடுவே அந்த ஒரு குரலை
பருப்பில் கல் பொறுக்குவதுபோல்
பொறுக்கி எடுக்கணும்.

தூக்கம் கெட்டால்
குரல் அரை நொடி பிந்தி வந்து சேரும்.
அரை நொடியில் இரண்டு டன்
எவ்வளவு தூரம் ஆடும் என்று எனக்குத் தெரியும்.
போன ஆகஸ்டில் ஒரு கம்பிக்கட்டு
யாதகிரியின் ஹெல்மெட்டுக்கு ஒரு சாண் மேலே போனது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
அன்றைக்கு டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

காலை ஏழரைக்கு
ஸஜா கேம்ப் வாசலில் பஸ் இறக்கிவிடும்.
அறை எண் பதினேழு. ஆறு கட்டில், மூன்று ஷிப்ட்.
ஒருவனுக்கு விடியும்போது ஒருவனுக்கு இருட்டணும்.

அந்தக் கம்பிக்கட்டுக்குப் பிறகு
சத்தங்களை ஒவ்வொன்றாய்ப் பிடித்து அடக்கினேன்.
கதவு இடுக்கில் பழைய கையுறையை வெட்டி ஒட்டினேன்.
கட்டில் மூட்டுகளுக்கு கிரேன் கிரீஸ்.
இரும்பு அலமாரிக்கு மடித்த சிகரெட் அட்டை.
குல்ஷேரின் ஐந்து அலாரங்களை
இரண்டு பிரியாணி செலவில் ஒன்றாக்கினேன்.
அன்வர்தீனுக்கு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன்.
கமெண்ட்ரி ஒழிந்தது.
விக்கெட் விழுந்தால் அவன் போடும் கூச்சல்
இன்னும் இருக்கிறது.

மிச்சம் ஒன்று: குளியலறைக் குழாய்.
பதினொரு மணியானால் ரெமீஜியுஸ் அண்ணன்
போனோடு உள்ளே போவார்.
குழாயைத் திறந்துவிடுவார்.
வாளி நிறைந்து, வழிந்து,
இருபது நிமிஷம், சில நாள் நாற்பது.
நல்ல மனுஷன்,
என் தூக்கம் கெடக்கூடாதென்று
தண்ணிக்குள் ஒளிந்து பேசுகிறார்
என்று நினைத்திருந்தேன்.

தண்ணி பில்லோடு கேம்ப் பாஸ் வந்து கத்திய அன்று
நானே சொன்னேன்:
"கட்டில்ல உக்காந்தே பேசுங்கண்ணே.
காதுல பஞ்சு வச்சிருக்கேன், எனக்கு ஒண்ணும் கேக்காது."
அவர் தரையைப் பார்த்தார்.
"உன் தூக்கத்துக்காக இல்லப்பா" என்றார்.
அவ்வளவுதான்.

பிறகு இரண்டு நாள் அவர் போனை எடுக்கவில்லை.
அது தலையணைக்கு அடியில் அதிர்ந்து
அதிர்ந்து
அடங்கியது.
எந்த அட்டையும் எந்த கிரீஸும்
அதற்குப் போதவில்லை.

விடுமுறை நாளில் ரோலாவுக்குப் போனேன்.
பழைய சாமான் கடைக்காரன்
நல்ல டேபிள் ஃபேனாக ஒன்றை எடுத்து ஓடவிட்டான்,
"சத்தமே வராது பாய்."
வேண்டாம் என்றேன்.
கூண்டு ஆடுகிற,
கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் டொக் என்கிற
இன்னொன்றைக் காட்டினேன்.
இதையா, என்று சிரித்துவிட்டு
பதினைந்து திர்ஹத்தைப் பத்தாக்கினான்.

எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் வைத்தேன்.
ஏசி பத்தல, என்று பொதுவாய்ச் சொன்னேன்.
யாரும் நம்பவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

பதினொரு மணி.
கர்ர்ர். டொக். கர்ர்ர்.
அதற்கு அந்தப் பக்கம்
சுவரைப் பார்த்துத் திரும்பிய ஒரு முதுகு,
அசைகிற ஒரு தாடை.
கல் பொறுக்கிப் பழகிய காது
சும்மா இருக்குமா?
"இன்னும் மூணு மாசம்" என்று
ஒரு துண்டு வந்து விழுந்துவிட்டது.
பஞ்சை அழுத்தினேன்.
இது உன் லோடு இல்லை, என்றேன் காதிடம்.

டொக்குகளை எண்ண ஆரம்பித்தேன்.
நாற்பதோ, நாற்பத்தொன்றோ.

எழுந்தபோது மணி மூன்று.
யாரோ ஃபேனை அணைத்து
வயரை ஒழுங்காய்ச் சுருட்டி
என் செருப்புக்குப் பக்கத்தில்
வைத்திருந்தார்கள்.